டின்டின் காமிக்ஸில் அரசியல் நையாண்டி இருக்கிறது என்கிறார்களே, அது எந்தக் கதையில், எப்படி வருகிறது?

பல கதைகளில் வருகிறது. என்னைக் கேட்டால், சான் தியோடோரஸ் என்ற ஒரே ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். தென் அமெரிக்காவில் இருப்பதாக பெல்ஜியம் ஓவியர் ஹெர்ஜே கற்பனை செய்த நாடு அது. 1935 டிசம்பரில் தொடராகத் தொடங்கிய 'தி புரோக்கன் இயர்' கதையில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அப்புறம் 1976இல் புத்தகமாக வந்த 'டின்டின் அண்ட் தி பிக்காரோஸ்'. இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் கதையைப் பன்னிரண்டு வயதில் பெரியப்பா வீட்டில் படித்தேன். அருங்காட்சியகத்தில் திருடு போன மரச்சிலையைத் தேடிப் போகிறான் இளம் நிருபன் டின்டின். துரத்தல் இல்லாத பக்கங்களை எல்லாம் அப்போது தள்ளிவிட்டுப் போனேன். கதையின் உயிரே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது என்று வேலைக்குப் போன பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது.

சான் தியோடோரஸில் ஜெனரல் தபியோகா, ஜெனரல் அல்காசார் என்று இரண்டு பேர் மாறி மாறி ஆட்சியைப் பிடிக்கிறார்கள். டின்டினைச் சுடுவதற்காக நிற்க வைத்திருக்கும்போதே ஆட்சி மாறுகிறது. குடிபோதையில் 'அல்காசார் வாழ்க' என்று அவன் கத்திய ஒரே காரணத்துக்காக அல்காசார் அவனைக் கர்னல் ஆக்கிவிடுகிறார். கூட இருக்கும் அதிகாரி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொல்கிறார்: நம் படையில் ஏற்கெனவே 3,487 கர்னல்கள், கீழ்நிலையில் இருக்கும் கார்ப்பரல்கள் வெறும் 49 பேர், இவரைக் கார்ப்பரல் ஆக்கலாமே? ஒரு ராணுவ ஆட்சி எப்படி நடக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

அடுத்து எண்ணெய் வருகிறது. பக்கத்து நாடான நுவேவோ ரிக்கோவின் எல்லையில் கிரான் சாப்போ என்ற வறண்ட நிலம். அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஆள் ஒருவர் அல்காசாரைப் போருக்குத் தூண்டுகிறார். எதிர்ப்பக்கம் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி. போர் வேண்டும் என்று அல்காசாரிடம் எடுத்துச் சொல்ல அந்த அமெரிக்க ஆள் டின்டினுக்கே பணம் தர முன்வருகிறார். அவன் மறுத்துவிடுகிறான்.

இது எங்கிருந்து வந்தது என்று அன்றைய பெரியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பொலிவியாவும் பராகுவேயும் கிரான் சாக்கோ என்ற நிலத்துக்காக 1932 முதல் 1935 வரை சண்டை போட்டன. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். பின்னால் எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கின்றன என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்தப் போர் ஓய்ந்த சில மாதங்களிலேயே தொடர் ஆரம்பித்துவிட்டது. 'சாக்கோ'வை 'சாப்போ' ஆக்கியதோடு சரி, மறைக்க வேறு முயற்சியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆயுத வியாபாரி பசில் பசாரோவ் வரும் பகுதி. தொப்பி, கனத்த மேலங்கி, சிறு தாடி என்று ஒரு கண்ணியமான பெரியவர். அல்காசாரிடம் பீரங்கி விற்கிறார், மாதத் தவணையில். கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறி நேராக நுவேவோ ரிக்கோவின் தலைநகருக்குப் போகிறார். அங்கே ஜெனரல் மொகதோரிடம் அதே பீரங்கி, அதே பேச்சு. அவரை யாரும் திட்டுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. கதை அவரை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. வில்லனுக்குத் தண்டனை உறுதியாக உண்டு என்ற குழந்தைக் கதையின் சட்டத்தை ஹெர்ஜே இந்த ஒரு ஆளுக்காக மீறினார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

ஏனென்றால் அப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருந்தார். பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனிக்காக ஆயுதம் விற்ற பசில் சகாரோஃப். இளம் வயதில் கிரீஸுக்கு ஒரு நீர்மூழ்கியை விற்றுவிட்டு, கிரீஸிடம் ஒன்று இருக்கிறதே என்று சொல்லித் துருக்கிக்கு இரண்டை விற்றவர் என்று பெயர். கதை வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1936 நவம்பரில், மான்டே கார்லோவில் இறந்தார். பிரெஞ்சுப் பதிப்பில் பசாரோவின் கம்பெனிக்கு 'விக்கிங் ஆர்ம்ஸ்' என்று பெயர். நம் கைக்கு வரும் ஆங்கிலப் பதிப்பில் அது ஜெர்மன் சாயலோடு 'கரப்ட் ஆர்ம்ஸ்' ஆகிவிட்டது. மொழி மாறியபோது குறி பிரிட்டனைவிட்டு விலகிவிட்டது என்பது எனக்கு வருத்தம்தான்.

ஹெர்ஜே எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 1929இல் சோவியத் நாட்டை வைத்து அவர் போட்ட முதல் டின்டின் கதை, கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றுக்காக, அந்த நாட்டைப் பார்க்காமலே, ஒரே ஒரு புத்தகத்தை நம்பிப் போட்டது. அதை நான் பிரசாரம் என்றுதான் சொல்வேன். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது வந்த 'தி ஷூட்டிங் ஸ்டார்' கதையில் வில்லனாக வரும் பணமுதலைக்கு யூதப் பெயர் வைத்தார். பின்னால் பெயரை மாற்றினாலும் அது எனக்குச் செரிக்கவில்லை. நடுவில் 'கிங் ஆட்டோகார்ஸ் செப்டர்' இருக்கிறது. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிய 1938இலேயே, முசோலினியையும் ஹிட்லரையும் ஒட்டுப்போட்டு 'மூஸ்ட்லர்' என்று ஒரு சதிகாரனுக்குப் பெயர் வைத்தார். நல்ல கதை. ஆனாலும் அதில் ஒரு பக்கம் நல்லவர்கள், மறு பக்கம் கெட்டவர்கள்.

சான் தியோடோரஸ் கதைகளில் அந்தச் சௌகரியம் நமக்குக் கிடைப்பதில்லை. பிக்காரோஸில் தபியோகாவுக்குப் பின்னால் போர்டூரியா என்ற கற்பனையான கிழக்கு ஐரோப்பியச் சர்வாதிகார நாடு நிற்கிறது. காட்டில் கொரில்லாப் படை வைத்திருக்கும் அல்காசாருக்குப் பணம் ஒரு வாழைப்பழக் கம்பெனியிடமிருந்து வருகிறது. முதல் கதையில் எண்ணெய், இதில் வாழைப்பழம். திருவிழாக் கூட்டத்தில் வேடம் போட்டுக்கொண்டு புகுந்து, ஒரு உயிர்கூடப் போகாமல் ஆட்சியைப் பிடிக்கிறார்கள். யாரையும் சுடக்கூடாது என்பது டின்டின் போட்ட நிபந்தனை. சுட்டால்தானே மரியாதை என்று தோற்ற தபியோகாவே புலம்புகிறார்! 'தபியோகாபொலிஸ்' என்றிருந்த தலைநகர் 'அல்காசாரோபொலிஸ்' ஆகிறது. தபியோகாவின் சிறையில் இருந்த டின்டினின் நண்பர்கள் விடுதலையாகி, எல்லோரும் வீட்டைப் பார்த்துப் போகும் விமானத்தில் ஏறுகிறார்கள்.

சின்ன வயதில் இதைச் சுபமான முடிவு என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். நீங்கள் மூடாதீர்கள். கதையின் முற்பகுதியில் குடிசைப் பகுதி ஒன்று ஒரே ஒரு கட்டத்தில் வரும். தடியோடு இரண்டு போலீஸ்காரர்கள் நடப்பார்கள், பலகையில் 'விவா தபியோகா' என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு விரலும் கடைசிப் பக்கத்தில் ஒரு விரலும் வைத்துப் புரட்டிப் பாருங்கள். போலீஸ்காரர்களின் உடுப்பு வேறு. பலகையில் 'விவா அல்காசார்'. குடிசைகள் அப்படியே இருக்கும்.