என் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு ஃபேன்களில் ஒன்று சுற்றவில்லை, கேம் ஓடும்போது சூடு 80 டிகிரியைத் தாண்டுகிறது. ஃபேனை மட்டும் மாற்ற முடியுமா, கார்டையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். 80 டிகிரியைத் தாண்டுகிறது என்கிறீர்கள். இந்த வரிசைக் கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். சிப்பை உருவாக்கிய என்விடியா நிறுவனம் இதற்குக் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 94 டிகிரி. ஆகவே சிப் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். புது ஃபேன் வரும்வரை கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை, 60, 70 சதவீதத்துக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும் முன் ஃபேன் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். இப்போதைய பல கார்டுகளில் சூடு சுமார் 50, 60 டிகிரியைத் தொடும்வரை ஃபேன் சுற்றவே சுற்றாது, அது பழுதல்ல. ஆஃப்டர்பர்னரில் ஃபேன் வேகத்தை 100 சதவீதம் வைத்துவிட்டு நேரில் பாருங்கள். திரையில் தெரியும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு ஃபேனும் ஒரே கனெக்டரில் சேரும் கார்டுகளில் வேகத்தைச் சொல்லும் ஒயர் பெரும்பாலும் ஒரு ஃபேனிலிருந்து மட்டுமே வரும். மற்றது செத்துக் கிடந்தாலும் எண் ஒழுங்காகவே காட்டும்.

கணினியை அணைத்துவிட்டு விரலால் லேசாகச் சுற்றிவிடுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று தானாக ஓடி நிற்கும். விரலை எடுத்ததும் நின்றால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. தடையில்லாமல் சுற்றியும், கரன்ட் கொடுத்தால் அசையவில்லை என்றால் மோட்டார் போயிருக்கும், அல்லது ஒயர் அறுந்திருக்கும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி கனெக்டர் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பழுது ஃபேனோடு நகர்ந்தால் ஃபேன்தான். அதே இடத்திலேயே நின்றால் கோளாறு போர்டில், புது ஃபேன் வாங்கிப் பயனில்லை.

எண்ணெய் விட்டால் சரியாகாதா என்று பலர் கேட்பார்கள். ஸ்லீவ் பேரிங் ஃபேனில், அதாவது குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் அச்சு சுற்றும் வகையில், நடு ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சில வாரமோ சில மாதமோ ஓடும். அவசரத்துக்கு அது சரி. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். குளிரில் உறையும், நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலையில் அதிகம் தவறுவது ஃபேன் வாங்கும் இடத்தில்தான். "1060-க்கு ஃபேன்" என்று கேட்டு வாங்காதீர்கள். ஒரே 1060 சிப்பை ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு ஃபேனோடு விற்றது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே அளவு மாறும். கார்டைக் கழற்றி, ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். உதாரணமாக எம்எஸ்ஐ-யின் கேமிங் கார்டுகள் பலவற்றில் 'பிஎல்டி10010எஸ்12எச்எச்' என்றும், பக்கத்தில் 12 வோல்ட், 0.40 ஆம்பியர் என்றும் இருக்கும். அந்த எண்ணை அப்படியே தேடி வாங்குங்கள். ஸ்டிக்கர் முன்பக்கம் இல்லாவிட்டால் ஃபேனைக் கழற்றிய பிறகுதான் தெரியும். அப்போதும் கழற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்வதே மேல்.

எண் கிடைக்காவிட்டால் நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: இறக்கை முனையிலிருந்து எதிர்முனை வரை விட்டம், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரம், ஆம்பியர், கனெக்டரில் உள்ள பின்களின் (ஊசிகளின்) எண்ணிக்கையும் இடைவெளியும். 85-க்கும் 87-க்கும் 2 மில்லிமீட்டர்தானே என்று விட்டால் இறக்கை கவரில் உரசும். சுற்றும் திசையையும் பாருங்கள், சில கார்டுகளில் ஒரு ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். கனெக்டர் பொருந்தாமல் பழைய கனெக்டரை வெட்டிச் சால்டர் செய்ய நேர்ந்தால், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. பின்கள் இருக்கும் வரிசையைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். முடிந்தால் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டும் ஒரே வயது, மற்றதும் பின்னாலேயே நிற்கும்.

கழற்றும்போது: பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆன் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். கார்டின் பவர் ஒயரை எடுத்து, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திக்கொண்டு கார்டை உருவுங்கள். இனி உங்கள் கார்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் ஃபேன் கவர் மட்டும் தனியாகக் கழன்றுவிடும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கைத் தொடவே தேவையில்லை. அப்படி இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

கவர் ஸ்க்ரூ ஹீட்சிங்க்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஹீட்சிங்க்கையும் எடுத்தாக வேண்டும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகினால் விட்டுவிடும். விட்டதும் சட்டென்று தூக்கினால் ஃபேன் ஒயர் போர்டிலிருந்து சாக்கெட்டோடு பிய்ந்து வரும். புத்தகம் திறப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளே கனெக்டரைப் பாருங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், வெள்ளைப் பிளாஸ்டிக்கின் இரு காதுகளிலும் நகத்தை வைத்து மாறி மாறி நகர்த்தி எடுக்க வேண்டும்.

பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது பேஸ்டைச் சிப் முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். மெமரி சிப்கள் மேல் இருக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கிழிந்திருந்தால் அதே கனத்தில்தான் மாற்ற வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால், ஹீட்சிங்க் சிப்பைச் சரியாகத் தொடாமல் தூக்கி நிற்கும். ஃபேன் மாற்றிய பிறகு சூடு முன்பைவிடக் கூடிவிட்டது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புது ஃபேனைப் பொருத்தும் குட்டி ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் இறங்குபவை. முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழுவது விரலுக்கே தெரியும். அதன்பின் இறுக்குங்கள், நின்றதும் விட்டுவிடுங்கள். ஒயரைப் பழைய பள்ளத்திலேயே ஓட்டுங்கள். இறக்கையில் தொட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், நாளடைவில் ஒயரே அறுபடும்.

கேஸ் மூடியைப் போடாமல் ஆன் செய்து, ஃபேனை 100 சதவீதத்தில் ஓட்டி ஒரு நிமிடம் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளையோ ஒரு கேமையோ பத்து நிமிடம் ஓட்டி, சூடு ஓரிடத்தில் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை.

ஃபேனே எங்கும் கிடைக்காத பழைய கார்டு என்றால், கவரைக் கழற்றிவிட்டு இரண்டு 92 மில்லிமீட்டர் கேஸ் ஃபேன்களை ஹீட்சிங்க் மேல் கேபிள் டையால் கட்டலாம். கார்டின் சிறிய நான்கு பின் சாக்கெட்டைச் சாதாரண நான்கு பின்னாக மாற்றும் அடாப்டர் ஒயர் விற்கிறது. இரண்டு ஃபேனின் ஆம்பியரும் சேர்ந்து பழைய ஃபேன்களின் கூட்டு அளவைத் தாண்டக் கூடாது. கார்டு கீழே இன்னொரு ஸ்லாட் இடத்தைப் பிடிக்கும், அதையும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.