நைல் பயணம்: கப்பல் ஏறும் முன் திட்டத்தில் மாற்றச் சொல்ல வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 64, மனைவிக்கு 60. அவருக்கு முழங்கால் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி என்றால் சிரமம். வரும் ஜனவரியில் எகிப்து போகிறோம். லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்கும் 4 இரவு, 5 பகல் கப்பல் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மதியம் கர்னாக், லக்சர் கோயில். இரண்டாம் நாள் விடியலில் பலூன், அடுத்து மன்னர் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் கோயில், மெம்னோன் சிலைகள். மதியம் கப்பல் கிளம்பிவிடும். மூன்றாம் நாள் எட்ஃபு, கோம் ஓம்போ. நான்காம் நாள் அஸ்வான் அணை, பிலே. ஐந்தாம் நாள் காலை இறங்க வேண்டும். அபு சிம்பெல்லுக்குத் தனிக் கட்டணம். நாங்கள் சுத்த சைவம். இதில் எதை மாற்றச் சொல்லலாம்? அபு சிம்பெல்லுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: நேரடியாகச் சொன்னால், இது கப்பலின் வசதிக்குப் போட்ட திட்டம். கோயில்கள் அதற்குள் எப்படியோ இடம் பிடித்திருக்கின்றன. லக்சருக்கும் அஸ்வானுக்கும் சாலை வழியே 215 கிலோமீட்டர் அளவுதான். நான்கு இரவில் கப்பல் உண்மையில் ஓடும் நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை நாள் தேறும். மற்ற நேரமெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். ஆனால் எகிப்துப் பயணத்திலேயே பார்க்க அதிகம் உள்ள இடமான லக்சரின் மேற்குக் கரைக்கு (மன்னர் பள்ளத்தாக்கும் ஹட்ஷெப்சுட் கோயிலும் இங்கேதான்) உங்களுக்குக் கிடைத்திருப்பது பலூன் போக மிஞ்சிய அரை நாள்.

அதனால் முதல் வேலை: கப்பல் ஏறும் நாளுக்கு மூன்று இரவு முன்னதாகவே லக்சர் போய்ச் சேர்ந்து, ஓட்டலில் தங்குங்கள். கப்பல் பதிவு அப்படியே இருக்கட்டும். விருந்தினரை மதியம்தான் கப்பலில் ஏற்றுவார்கள் என்பதால் ஏறும் நாளின் காலையும் உங்கள் கையில் இருக்கும். ஆக மூன்று முழுக் காலைகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. கப்பல் திட்டத்தில் உள்ள மேற்குக் கரைச் சுற்றை அன்று மற்றவர்கள் போகட்டும். நீங்கள் மேல்தளத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

பலூனை விட்டுவிடுங்கள். கூடையின் சுவர் நெஞ்சளவு உயரம். பக்கவாட்டில் உள்ள துளைகளில் கால் வைத்து ஏறி உள்ளே குதிக்க வேண்டும். தரையிறங்கும்போது எல்லோரும் முழங்காலை மடித்துக் குந்தியிருக்கச் சொல்வார்கள். உங்கள் மனைவிக்கு இந்த இரண்டுமே ஆகாது. காற்று சரியில்லை என்றால் புறப்பாடு தள்ளிப்போகும். அப்போது பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிடும். கூட்டம் அதிகம் இருக்கும் நேரம் அது.

மன்னர் பள்ளத்தாக்கைக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். அந்த நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். நுழைவிடத்திலிருந்து கல்லறைகள் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது. அந்தச் சின்னக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பொதுச் சீட்டில் அன்று திறந்திருக்கும் கல்லறைகளில் மூன்றை மட்டுமே பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் செத்தி, ஐந்தாம்-ஆறாம் ராம்செஸ் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. திட்டத்தில் 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று போட்டிருந்தால் அது பொதுச் சீட்டு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் போய் வாக்குவாதம் செய்வதைவிட இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலான இடங்களில் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை கையில் இருக்க வேண்டும்.

எந்த மூன்று என்பதில்தான் முழங்கால் பிழைக்கும். எந்தெந்தக் கல்லறை திறந்திருக்கும் என்பது அவ்வப்போது மாறும் என்பதால் ஐந்தாறு பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ராம்செஸ் கல்லறை நேராக, அகலமாக, மெல்லிய சரிவாக இறங்கும். இருப்பதில் எளிது அதுதான். ஒன்பதாம் ராம்செஸ், மூன்றாம் ராம்செஸ் இரண்டும் அடுத்தபடி. மெர்னெப்தாவினுடையது நீளமான செங்குத்து இறக்கம். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். மூன்றாம் துட்மோஸ் கல்லறையின் வாசலே பாறைப் பிளவில் உயரத்தில் இருக்கிறது. இரும்புப் படியில் மேலே ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும். இந்த இரண்டும் உங்கள் மனைவிக்கு வேண்டாம்.

தனிச் சீட்டு ஒன்று வாங்குவதானால் ஐந்தாம்-ஆறாம் ராம்செஸ் கல்லறைக்கு வாங்குங்கள். பாதை நேராகச் சரிந்து போகிறது. கடைசி அறையில் அண்ணாந்து பாருங்கள்: வானதேவதை நுத் இரண்டு உருவாக, முதுகோடு முதுகாக, கூரை நீளத்துக்கும் படுத்திருக்கிறாள். மாலையில் சூரியனை வாயால் விழுங்குகிறாள். இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் செய்து விடியலில் பிறக்கிறது. அந்த அறையில் பத்து நிமிடமாவது நில்லுங்கள். துட்டன்காமுன் கல்லறை சிறியது, படிகளும் குறைவு. ஆனால் ஓவியம் இருப்பது ஒரே அறையில்தான். அவர் உடல் அங்கே இருக்கிறது; பொருள்களில் பெரும்பாலானவை கீஸாவில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. பெயருக்காகப் பார்க்கலாம், கலைக்காக அல்ல. 1922இல் கண்டுபிடிக்கும் வரை அந்தக் கல்லறை பெரும்பாலும் அப்படியே தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆறாம் ராம்செஸ் கல்லறை வேலையின்போது கொட்டிய கல்லும், வேலைக்காரர்களின் குடிசைகளும் அதன் வாசலை மூடிவிட்டதுதான். இரண்டு வாசலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

செத்தியின் கல்லறை இருப்பதிலேயே அழகு, 137 மீட்டர் நீளம், ஏராளமான படிகள், விலையும் பல மடங்கு. நீங்கள் மட்டும் போய் வரலாம். மனைவிக்கு வெளியே நிழல் இருக்கையில் இடம் பாருங்கள்.

பலர் ஏமாறும் விஷயம் ஒன்று: கல்லறைக்குள் வழிகாட்டி விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே படங்களைக் காட்டிச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் அனுப்புவார். அதனால் நுழையும் முன், 'உள்ளே தவறவிடக்கூடாத மூன்று இடம் எவை, எந்தப் பக்கச் சுவர்?' என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரலாறு எல்லாம் பிறகு வண்டியில் பேசிக்கொள்ளலாம். உள்ளே காவலர் ஒருவர் சைகை காட்டி ஓரத்துக்கு அழைத்து, டார்ச் அடித்து எதையாவது காட்டி, கையை நீட்டுவார். வேண்டாம் என்றால் தலையசைத்து நகர்ந்துவிடுங்கள். கயிற்றைத் தாண்டி அழைத்தால் போகவே வேண்டாம். கைபேசியில் படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது. முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். திரும்பும்போது சுவரில் உரசுவது அதுதான்.

சுவர்களில் பழங்காலப் பயணிகளின் கீறல்களும் உண்டு. பெரும்பாலானவை கிரேக்கம், இலத்தீன். அவற்றுக்கிடையே தமிழ்ப் பிராமியில் 'சிகை கொற்றன்' என்ற பெயர் சில கல்லறைகளில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. உரோமானியர் காலத்தில் செங்கடல் துறைமுகம் வழியே வந்த நம் ஆள் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதிவைத்திருக்கிறார். நம் மலைக்கோயில்களில் கரியால் பெயர் எழுதும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல போலிருக்கிறது.

அதே காலையில் ஹட்ஷெப்சுட் கோயிலை வெளியிலிருந்தும் முதல் தளத்திலும் பார்த்தால் போதும். மிச்ச நேரத்தை மெதினெத் ஹபுவுக்குக் கொடுங்கள். உங்கள் திட்டத்தில் அது இல்லவே இல்லை, பெரிய குறை. மூன்றாம் ராம்செஸின் கோயில், பெரும்பாலும் சமதரை, கூட்டமும் குறைவு. எழுத்துகளை உள்ளங்கை நுழையும் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். பின்னால் வருபவன் அழித்து எழுதக்கூடாது என்ற கணக்கு. முன்னோர் பெயர்களை அழித்துத் தன் பெயரைப் பொறிப்பது அங்கே சாதாரணம். கொன்ற எதிரிகளை எண்ண, வெட்டிய கைகளைக் குவித்துக் கணக்கர் குறிக்கும் காட்சியும் அங்கே உண்டு. தூண்மண்டபக் கூரையில் நிறம் இன்னும் நிற்கிறது.

இரண்டாம் ராம்செஸின் அரசி நெஃபர்தாரியின் கல்லறையைப் பற்றியும் கேட்பீர்கள். அங்கே சுண்ணாம்புப் பாறையிலிருந்து உப்பு வெளியேறி, படிகமாகிப் பூச்சைப் பெயர்த்தது. 1986 முதல் 1992 வரை பெரிய அளவில் பாதுகாப்பு வேலை நடந்தது. நம் மூச்சும் வியர்வையும் தரும் ஈரம் அந்த உப்பை மீண்டும் கிளப்பும் என்பதால் பத்து நிமிடம்தான் விடுவார்கள். அவ்வப்போது மூடியும் வைப்பார்கள். 'திறந்திருக்கிறது' என்று கிளம்பும் வாரத்தில் உறுதி செய்யாமல் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாம் காலைக்குத் தெந்தேரா. லக்சரிலிருந்து வடக்கே ஒன்றேகால் மணி நேரக் கார்ப் பயணம். அங்கே ஹாத்தோர் தேவதையின் கோயில் கூரையில் நூற்றாண்டுகளாகப் படிந்த கரியைச் சுத்தம் செய்ததில் உள்ளிருந்த நீலம் வெளியே வந்திருக்கிறது. முக்கிய மண்டபங்கள் சமதரையில் உள்ளன. நிலவறைக்குள் நுழையக் குந்த வேண்டும், அதை விட்டுவிடலாம். மாடியில் உள்ள இராசிச் சக்கரம் நகல். அசல் பாரிஸின் லூவரில் இருக்கிறது. படி ஏறாததால் பெரிய நட்டமில்லை.

கர்னாக்கை ஏறும் நாள் காலையில் முடியுங்கள். மதிய வெயிலில் 134 தூண்களுக்கு நடுவே நிழல் இருந்தாலும் பொறுமை இருக்காது. லக்சர் கோயில் இரவு விளக்கில்தான் அழகு.

இனி கப்பல். கரையில் ஐந்தாறு கப்பல்களை அருகருகே கட்டுவார்கள்; ஒன்றின் வரவேற்பறை வழியே அடுத்ததற்கு நடந்து போக வேண்டும். உங்கள் சன்னலுக்கு வெளியே நைல் இருக்காது, அடுத்த கப்பலின் திரைச்சீலை இருக்கும். 'ஆற்றுக் காட்சி அறை' என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மேல் அடுக்கில், எஞ்சினுக்குத் தள்ளி அறை கேளுங்கள். மின்தூக்கி இருக்கிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள், பல கப்பல்களில் இல்லை. எஸ்னா மதகில் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலைக் கடத்தும் இடம்) கப்பல்கள் வரிசையில் நிற்கும்போது சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து, மேசைவிரிப்பையும் அங்கியையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேல்தளத்துக்கு வீசுவார்கள். வாங்காவிட்டால் திருப்பி வீசுங்கள். ஆற்றில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்ஃபுவில் எல்லாக் கப்பல்களும் விடியலில் ஒன்றாக வந்து சேர, 36 மீட்டர் உயர வாசலுக்கு முன் திருவிழாக் கூட்டம் நிற்கும். அங்கே போகக் குதிரை வண்டியில் ஏற்றுவது வழக்கம். குதிரைகளின் நிலை பரிதாபம், ஏறுவதும் உயரம். 'எங்களுக்குக் கார் அல்லது ஆட்டோ' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கோம் ஓம்போவில் கப்பல் கோயிலடியிலேயே நிற்கும்; முதலை மம்மிகள் வைத்த சிறு அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். பிலே தீவுக் கோயிலுக்கு மோட்டார் படகு. ஆடும் படகில் கால் வைப்பதுதான் அங்கே சிரமம், படகுக்காரர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஹாட்ரியன் வாயிலைக் காட்டச் சொல்லுங்கள்: காலம் குறித்த எகிப்தியப் பட எழுத்துகளில் கடைசியானது அங்கேதான் இருக்கிறது, கி.பி. 394 ஆகஸ்ட் 24. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் எழுதிய கை நின்ற இடம். அஸ்வான் அணையைக் காட்டாவிட்டாலும் குறையில்லை.

'பாப்பிரஸ் நிறுவனம்', 'அலபாஸ்டர் ஆலை', 'வாசனை எண்ணெய்' என்று வண்டி நிற்கும் இடமெல்லாம் கடைகள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் தின்னும். கடை நிறுத்தம் வேண்டாம் என்று எழுத்தில் வாங்குங்கள். பாப்பிரஸ் வாங்கியே தீர வேண்டும் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குறுக்கும் நெடுக்குமாக நார்ப் பட்டைகள் தெரியும், மடக்கினால் முறியாது. வாழைச் சருகில் செய்த போலி வெடித்துப் பிளந்துவிடும். சில்லறைக்கு 5, 10, 20 பவுண்டுத் தாள்கள் நிறைய வைத்திருங்கள், கழிப்பறையில்கூடத் தேவைப்படும்.

சைவத்துக்கு அங்கே பயமில்லை. கொஷாரி (அரிசி, பருப்பு, மக்ரோனி கலவை), ஃபூல் (வேகவைத்த அவரை), அவரைப் பருப்பில் செய்யும் வடை போன்ற தாமெய்யா எங்கும் கிடைக்கும். மாட்டிக்கொள்வது சூப்பில்தான். பருப்பு சூப்பும் முலோகியாக் கீரையும் பல சமையலறைகளில் கோழிச் சாற்றில் வேகும். 'வெஜிடேரியன்' என்பதைவிட 'சியாமி' என்று சொல்லுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். இறைச்சி, பால், முட்டை இல்லாதது என்று சமையல்காரருக்கு உடனே புரியும். சில நோன்புகளில் மீன் உண்டு. அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஜனவரி விடியலில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

அபு சிம்பெல்லுக்குப் பணம் கட்டுங்கள். அஸ்வானிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர், போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். முழங்காலை நீட்ட இடமுள்ள முன்னிருக்கையையும், வழியில் ஒரு நிறுத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். அணை நீரில் மூழ்காமல் இருக்க 1964 முதல் 1968 வரை கோயிலை அறுத்து, 65 மீட்டர் மேலே ஏற்றி அடுக்கினார்கள். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் அறுத்த கோடு தெரியும். இறங்கும் நாளன்று இதை வைத்தால் பெட்டிகள் காரிலேயே வர வேண்டும்; அன்று மாலை ஐந்துக்கு முன் எந்த விமானமும் பதிவு செய்யாதீர்கள். எட்டு மணிவாக்கில் வேன்கள் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும்போது கூட்டம் நேராகப் பெரிய கோயிலுக்குள் நுழையும். நீங்கள் அதைக் கடந்து, நெஃபர்தாரிக்குக் கட்டிய சின்னக் கோயிலை முதலில் பாருங்கள். ஒன்பதரைக்கு மேல் வேன்கள் திரும்பத் தொடங்கும். பெரிய மண்டபத்தில் அரை மணி நேரம் ஏறக்குறைய நீங்கள் இருவர் மட்டும் நிற்கலாம். அதற்கு ஓட்டுநரிடம் முதல் நாள் இரவே, 'பதினொன்றுக்குத்தான் கிளம்புவோம்' என்று பேசி வைக்க வேண்டும்.