துரை வண்டியும் நம்ம காட் ரோடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி வாசகர்): எங்க தாத்தா 1920கள்ல எஸ்டேட் துரை ஒருத்தர்கிட்ட டிரைவரா இருந்தாரு. ரோல்ஸ் ராய்ஸ் வண்டிதானாம், ஆனா செங்குத்து ஏத்தம் வந்தா ரெண்டு பேர இறக்கிவிட்டுதான் ஏத்துவோம்னு சொல்வாரு, கேக்குறவங்க சிரிப்பாங்க. அப்படி இருக்குமா சார்? ஒரு போட்டோ மட்டும் இருக்கு, என்ன மாடல்னு தெரியல.

பதில்: தாத்தா சொன்னத தாராளமா நம்புங்க. 1912ல ஆஸ்திரியாவுல நடந்த ஆல்ப்ஸ் மலை ட்ரையல்ல, அதாவது மலைப்பாதையில கார்களோட திறனச் சோதிக்கிற போட்டியில, ஜேம்ஸ் ராட்லி ஓட்டுன ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் மாடல் கார், காட்ஷ்பெர்க் கணவாய்ல நின்னு மறுபடி கெளம்ப முடியாம, உள்ள இருந்தவங்க ரெண்டு பேர் இறங்குனப்புறம்தான் நகர்ந்துச்சு. இன்ஜின்ல குறையே இல்லங்க, கொள்ளளவு 7 லிட்டருக்கு மேல, 6 சிலிண்டர, மூணு மூணா ரெண்டு பிளாக்கா வார்த்து, பிஸ்டன் ஓட்டத்த சுழற்சியா மாத்துற கிராங்க் ஷாஃப்ட்ட 7 பேரிங்ல தாங்க வச்சிருந்தாங்க, அதனாலதான் அதிர்வே தெரியாம அவ்ளோ அமைதியா ஓடும். இருந்தது மொத்தமே 3 கியர், ஃபுல் லோடோட ஏத்தத்துல எடுக்க ஃபர்ஸ்ட் கியர்ல இழுவை பத்தல. கம்பெனிக்கு ரோஷம் வந்துருச்சு, 1913ல 4 கியர் போட்ட வண்டிங்களோட அதே ட்ரையலுக்குப் போய் பரிசோட திரும்பினாங்க. எனக்கு அந்த வண்டி மேல மரியாதை வந்ததே அந்த இடத்துலதான், மலை சொன்ன குறைய ஒரே வருஷத்துல சரி பண்ணிட்டாங்க.

போட்டோவுல பாடிய வச்சு மாடல் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க. கம்பெனி சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் மாட்டுன அடிச்சட்டம், மட்டும்தான் குடுக்கும், பாடி பார்க்கர், ஹூப்பர் மாதிரி பட்டறைக்காரங்க கட்டுறது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. முன் சக்கர ஆரக்கம்பிக்குப் பின்னாடி பிரேக் டிரம் தெரியுதான்னு பாருங்க. ரோல்ஸா இருந்து டிரம் இல்லேன்னா, பெரும்பாலும் 1924க்கு முந்தினது, பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். அத வச்சுக்கிட்டு பர்லியார் பக்கம் இறங்குறத நெனச்சாலே எனக்கு உள்ளங்கால் கூசுது, அந்தக் காலத்து டிரைவருங்க கியர்லயேதான் வண்டியப் பிடிச்சு இறக்கியிருப்பாங்க.

கேள்வி (கூடலூர் டாக்ஸி டிரைவர்): அப்போ பிரேக் பூஸ்டர் எப்ப வந்துச்சு? இறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணா பெட்ரோல் மிச்சம்னு சில பசங்க பண்றாங்களே, சரியாண்ணே?

பதில்: 1919ல ஹிஸ்பானோ சூய்சா எச்6 கார்ல, மார்க் பிர்கிட்ங்கற சுவிஸ் இன்ஜினியர் நாலு சக்கரத்துக்கும் பிரேக் குடுத்து, கூட ஒரு சர்வோவும், அதாவது மிதிக்கிற பலத்தக் கூட்டிக் குடுக்குற பூஸ்டரும், வச்சாரு. பெடல மிதிச்சா கியர் பாக்ஸ்ல இருந்து சுத்துற ஒரு உருளை, வண்டி ஓடுற வேகத்தையே இழுவையா மாத்தி பிரேக்க இறுக்கும், பிரமாதமான யோசனை. ரோல்ஸ் ராய்ஸே லைசன்ஸ் வாங்கி அதத்தான் போட்டாங்க. அது சக்கரம் உருளுற வரைக்கும் வேலை செய்யும், இன்ஜின் நின்னாலும். இப்ப உங்க பெட்ரோல் வண்டில இருக்குற வேக்குவம் பூஸ்டர் அப்படி இல்லப்பா, அது இன்ஜின் உறிஞ்சுற வெற்றிடத்துல வேலை செய்யுது, அதுக்கு இன்ஜின் ஓடணும். கல்லட்டி இறக்கத்துல 36 கொண்டை ஊசி வளைவு, இன்ஜின ஆஃப் பண்ணா மிச்சமிருக்குற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குதான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும்.