கோடை வீட்டுக்காரர்களும் ஊர்க் கஜானாவும்: நான்டக்கெட் தீவு பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரையிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது நான்டக்கெட். 2020 கணக்கெடுப்பில் அங்கே 14,255 பேர். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கூட்டம் பல மடங்காகிவிடும். தீவின் வீடுகளில் பெரும்பாலானவை வேறு ஊரில் வசிப்பவர்களுக்குச் சொந்தம். பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தத் தீவைப் பற்றியே இருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான் என்பதால், அடிப்படை விதிகள் பக்கத்துத் தீவான மார்த்தாஸ் வைன்யார்டுக்கும் பொருந்தும்.

வருஷத்தில் எட்டு வாரம்கூட நாங்கள் அங்கே தங்குவதில்லை. பள்ளிக்கு அனுப்பப் பிள்ளையும் இல்லை. ஆனால் முழு வருஷ வரி கட்டுகிறோம். ஊரை நாங்கள்தானே தாங்குகிறோம்?

பெருமளவுக்கு ஆமாம். ஊரின் சொத்து வரியில் பெரும்பங்கு உங்களைப் போன்றவர்களின் வீடுகளிலிருந்துதான் வருகிறது. அதை ஊர்க்காரர்களே மறுப்பதில்லை. ஆனால் செலவுப் பக்கத்தையும் பாருங்கள்.

ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஜனவரிக் கூட்டத்துக்கு ஏற்பக் கட்ட முடியாது. முகூர்த்த நாள் கூட்டத்தை மனதில் வைத்துத்தானே கல்யாண மண்டபம் கட்டுகிறோம், அப்படித்தான் இதுவும். ஆகஸ்டின் உச்ச நாளைத் தாங்கும் அளவுக்குக் குழாயும் பம்ப்பும் தொட்டியும் வேண்டும். அந்தக் கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், கடற்கரைக் காவலர்கள், கோடைக்கு மட்டும் எடுக்கும் கூடுதல் போலீஸ், அவர்கள் தங்க இடம் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். நீங்கள் எட்டு வாரம்தான் இருக்கிறீர்கள், சரி. ஆனால் எல்லாரும் இருப்பது அதே எட்டு வாரம்.

பள்ளிச் செலவில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஊர்ப் பள்ளிகளுக்கு உதவித் தொகை தரும்போது, அந்த ஊரால் எவ்வளவு சொந்தமாகப் போட முடியும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் பாதி, ஊரிலுள்ள மொத்தச் சொத்து மதிப்பு. மீதிப் பாதி, அங்கே வசிப்பவர்களின் வருமானம். கோடை வீடுகளின் மதிப்பும் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், காகிதத்தில் ஊர் பெரும் பணக்கார ஊராகத் தெரியும். விளைவு, இத்தகைய ஊர்களுக்கு மாநிலம் தருவது அடிப்படைப் பள்ளிச் செலவில் 17.5 சதவீதம் என்ற கீழ்வரம்பை ஒட்டியே நிற்கும். பிள்ளை படிக்காவிட்டாலும் உங்கள் வீட்டின் மதிப்பு பள்ளியின் கணக்கில் நேரடியாக இருக்கிறது. "எனக்குப் பள்ளியோடு சம்பந்தமே இல்லை" என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஒரே மாதிரி வீடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் வரி குறைவு. அவர் வருஷம் முழுக்க இருக்கிறாராம். இது சட்டப்படி சரியா?

சட்டப்படி சரி. இதற்கு வசிப்போர் விலக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஊரிலுள்ள குடியிருப்புச் சொத்துகளின் சராசரி மதிப்பில் ஒரு பங்கை, அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமையாளரின் வீட்டு மதிப்பிலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடுவது. மாநிலச் சட்டப்படி வழக்கமான உச்சவரம்பு 35 சதவீதம். நான்டக்கெட், மார்த்தாஸ் வைன்யார்டில் உள்ள டிஸ்பரி, கேப் காட் முனையிலுள்ள ப்ராவின்ஸ்டவுன், ஏன், பாஸ்டன் நகரமே இதைப் பின்பற்றுகிறது.

இதனால் ஊருக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு தெருவில் பத்து வீடு, ஒவ்வொன்றும் 20 லட்சம் டாலர். திரட்ட வேண்டிய வரி 60,000. விலக்கு இல்லையென்றால் ஆயிரத்துக்கு 3 டாலர் வீதம், வீட்டுக்கு 6,000.

இப்போது அதில் நான்கு வீடுகளில் நிரந்தரவாசிகள், விலக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு வீட்டுக்கும் தலா 5 லட்சம் கழியும். வரிக்குரிய மதிப்பு 2 கோடியிலிருந்து 1.8 கோடியாகக் குறையும். திரட்ட வேண்டியது அதே 60,000 என்பதால் வீதம் 3.33 ஆக ஏறும். நிரந்தரவாசி 5,000 கட்டுவார், கோடை வீட்டுக்காரர் 6,667. ஆறு கோடை வீடுகளின் தோளில் ஏறிய சுமை, நான்கு வீடுகளில் இறங்கியது. அவ்வளவுதான்.

கழிக்கும் தொகை எல்லா நிரந்தரவாசிக்கும் ஒன்றே என்பதால் வீடு மலிவாக இருந்தால் பலன் அதிகம். மேலே சொன்ன வீதங்களில், 50 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள வீட்டில் வருஷம் முழுக்க வசிப்பவர்கூட முன்பைவிட அதிகம் கட்டுவார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு வீட்டை உள்ளூர்த் தச்சருக்கோ நர்ஸுக்கோ வருஷ வாடகைக்கு விட்டிருந்தால், உரிமையாளர் அங்கே வசிக்காததால் விலக்கு கிடையாது. கூடுதல் வரி கடைசியில் வாடகையில்தான் போய் நிற்கும். தீவுக்கு மிகவும் தேவையானவரே அந்தச் சுமையைத் தூக்குகிறார். 2023-ல் வந்த மாநில வரிச் சட்டம், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு ஊர் விரும்பினால் வரிச் சலுகை தரலாம் என்று வழி திறந்திருக்கிறது. வசிப்போர் விலக்கை வைத்திருக்கும் ஒவ்வொரு ஊரும் இதையும் சேர்த்தே நடைமுறைப்படுத்த வேண்டும்.

இவ்வளவு வரி கட்டியும் ஊர்க்கூட்டத்தில் எங்களுக்கு ஓட்டு இல்லை. வேறெங்காவது இப்படி உண்டா?

ஏறக்குறைய எல்லா இடத்திலும் இப்படித்தான். நான்டக்கெட்டில் பட்ஜெட்டை முடிவு செய்வது ஊர்க்கூட்டம். பதிவு செய்த வாக்காளர் யாரும் போய் நேரடியாக வாக்களிக்கலாம். வாக்காளர் அல்லாதவர் உட்கார்ந்து கேட்கலாம், அனுமதி கேட்டுப் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில், ஊரின் சொத்துப் பட்டியலில் குறைந்தது 1,000 டாலர் மதிப்புக்குச் சொத்து உள்ள குடிமகன், அங்கே வசிக்காவிட்டாலும் சில ஊர்க்கூட்டங்களில் வாக்களிக்கலாம். கொலராடோவின் மவுன்டன் வில்லேஜில் வெளியூர் உரிமையாளர்களுக்கு ஓட்டு கொடுத்ததை எதிர்த்து வழக்கு நடந்து, 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. டெலவரின் சில கடற்கரை ஊர்களிலும் இந்த வழக்கம் இருக்கிறது.

ஆனாலும் நான்டக்கெட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியூர் உரிமையாளர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் தீவில் சொத்துக்கு ஓட்டு கொடுத்தால், பள்ளியும் முதியோர் இல்லமும் வேண்டுமா என்பதை அவை தேவைப்படாதவர்கள் முடிவு செய்யும் நிலை வரும். அதே சமயம், "ஓட்டு இல்லை, அதனால் பேச்சும் இல்லை" என்று ஊர் நடந்துகொண்டால் அது பெரிய தவறு. பட்ஜெட்டை அலசும் நிதிக் குழுவின் கூட்டங்கள் குளிர்காலத்தில் நடக்கின்றன. பெரிய கடன் திட்டம் எதையும் அதற்கு முந்தைய கோடையிலேயே வெளியூர்க்காரர்கள் முன்னால் வைத்து விளக்கிவிட்டால் பாதிக் கசப்பு குறையும். நீங்கள் செய்யக்கூடியது, நிதிக் குழுவுக்கு எழுத்தில் கருத்து அனுப்புவது. எண்களோடு எழுதுங்கள். கோபத்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டின் மதிப்பீட்டை ஒரே வருஷத்தில் 20 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். வரியும் 20 சதவீதம் ஏறுமா?

ஏறாது, எல்லார் மதிப்பும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தால். முதலில் திரட்ட வேண்டிய மொத்த வரித் தொகை முடிவாகும், அப்புறம்தான் வீதம். மாசசூசெட்ஸில் 1980-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ரொபொசிஷன் இரண்டரை என்ற சட்டப்படி அந்த மொத்தத் தொகையின் வரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. புதிதாகக் கட்டிய கட்டடங்களின் வரி அதற்கு மேல் தனியாகச் சேரும். வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் வாக்காளர்களிடம் கேட்க வேண்டும். பொதுச் செலவுக்காகத் தாண்டினால் அது நிரந்தரமாக நிற்கும், ஒரு குறிப்பிட்ட கடனுக்காகத் தாண்டினால் அந்தக் கடன் தீரும்வரை மட்டும். உங்கள் பில் எதனால் ஏறியது என்று பார்க்கும்போது மதிப்பீட்டை விட்டுவிட்டு, கடைசி ஊர்க்கூட்டத்தில் என்ன கடன் நிறைவேறியது என்று பாருங்கள். உங்கள் வீடு மட்டும் மற்றவற்றைவிட அதிகம் ஏறியிருந்தால், அதைக் குறைக்கச் சொல்லி மனுப் போடக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

கோடையில் வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டால்?

2019 ஜூலை முதல் ஹோட்டல் அறைக்கு உள்ள வரி இதற்கும் உண்டு. மாநிலத்துக்கு 5.7 சதவீதம், ஊருக்கு அதிகபட்சம் 6, நான்டக்கெட் அந்த 6-ஐயும் வாங்குகிறது. வருஷத்தில் மொத்தம் 14 நாளுக்கு மேல் விடாதவருக்கு வரி இல்லை, பதிவு மட்டும் உண்டு. தொடர்ந்து 31 நாளுக்கு மேல் ஒரே ஆளுக்கு விட்டாலும் இந்த வரி கிடையாது.

தீவில் ஒரு வீடு வாங்கலாம் என்று பார்க்கிறோம். சொத்து வரி தவிர வேறென்ன?

முதல் செலவு வாங்கும் அன்றே. 1983-ல் சட்டமாகி உருவான நான்டக்கெட் லேண்ட் பேங்க் என்ற அமைப்புக்கு, விலையில் 2 சதவீதத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். 30 லட்சம் டாலர் வீட்டுக்கு 60,000. அந்தப் பணத்தில் திறந்த நிலங்களை வாங்கிக் கட்டடம் வராமல் காக்கிறார்கள். வேறு காப்பு அமைப்புகளின் நிலத்தையும் சேர்த்தால் தீவில் ஏறக்குறைய பாதி இன்று கட்டடம் வராத நிலம். நீங்கள் அங்கே வாங்க ஆசைப்படுவதற்கே அந்த நிலம்தான் காரணமாக இருக்கும். ஆனால் இந்தப் பணத்தில் சாலையோ பள்ளியோ கட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள் இருக்கும் கட்டில், சோபா, டிவிக்கும் வரி. நிரந்தர வீடாக இருந்தால் அவற்றுக்கு விலக்கு, இரண்டாவது வீடு என்றால் தனியாக ஒரு பில் வரும். படகு வைத்திருந்தால் அதற்கும் ஊர் வரி உண்டு. அதில் பாதி துறைமுகம், நீர்வழிப் பராமரிப்புக்குப் போகும்.

ஓய்வு பெற்றுவிட்டோம். நிரந்தர முகவரியைத் தீவுக்கு மாற்றிவிட்டால் விலக்கும் கிடைக்கும், ஓட்டும் கிடைக்கும் அல்லவா?

கிடைக்கும், உண்மையில் மாறினால். ஓட்டுப் பதிவு, வருமான வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம், கார்ப் பதிவு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். ஜனவரி 1 அன்று அதுதான் உங்கள் முதன்மை வீடாக இருந்தால்தான் விலக்கு. ஃப்ளோரிடாவிலிருந்து மாறுபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். அங்கே மாநில வருமான வரி இல்லை. மாசசூசெட்ஸில் 5 சதவீதம், 2023-ல் பத்து லட்சம் டாலராகத் தொடங்கி விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும் வரம்பைத் தாண்டும் வருமானத்துக்கு மேலும் 4 சதவீதம். முகவரியை மாற்றாமலேயே மாசசூசெட்ஸில் நிரந்தர வீடு வைத்து வருஷத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினாலும் மாநிலம் உங்களை வசிப்பவராகவே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு மதிப்புள்ள சொத்து இருந்தும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் அங்கே வீடு இல்லையாமே. பணம் எங்கே போகிறது?

நல்ல கேள்வி. சொத்து மதிப்பு எவ்வளவு ஏறினாலும் வரி வரம்பு 2.5 சதவீதம்தான் ஏறும் என்று மேலே சொன்னேன். புதிதாக ஒரு வரி போட வேண்டுமென்றால் ஊர் தானாகச் செய்ய முடியாது, மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். விலை உயர்ந்த வீடுகளின் விற்பனையில் ஒரு சிறு பங்கை எடுத்து உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கட்ட நான்டக்கெட் பல ஆண்டுகளாக அனுமதி கேட்டு வருகிறது. 2024-ல் மாநிலம் கொண்டுவந்த பெரிய வீட்டுவசதிச் சட்டத்திலும் அது இடம்பெறவில்லை.

அதே சட்டத்தில் வேறொன்று கிடைத்தது. பருவகால ஊர்கள் என்று ஒரு பிரிவை உருவாக்கி, நான்டக்கெட்டையும் மார்த்தாஸ் வைன்யார்டு ஊர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஊர் ஏற்றுக்கொண்டால் ஆசிரியர், போலீஸ் போன்ற ஊர் ஊழியர்களுக்கென வீடு கட்டலாம். "இந்த வீட்டில் வருஷம் முழுக்க வசிப்பவரே இருக்க வேண்டும்" என்ற கட்டுப்பாட்டை உரிமையாளரிடம் விலை கொடுத்து வாங்கலாம். வசிப்போர் விலக்கை 50 சதவீதம் வரை உயர்த்தவும் செய்யலாம்.

அந்த 50-ஐ ஒரே தாவலில் எட்டிப் பிடிக்க வேண்டாம் என்பேன். மேலே போட்ட பத்து வீட்டுக் கணக்கில் அப்படிச் செய்தால் கோடை வீட்டுக்காரர் 7,500 கட்டுவார், நிரந்தரவாசி அதில் பாதி, 3,750. வருஷ வாடகை வீடுகளுக்குச் சலுகை தராமல் இதைச் செய்தால் வாடகைக்கு இருப்பவர்தான் முதலில் அடிபடுவார். கையில் சொந்த வீடு உள்ளவருக்கு வரியைக் குறைப்பதைவிட, வீடே இல்லாத நர்ஸுக்கு வீடு கிடைக்கச் செய்வது அவசரம். உரிமையாளரிடம் கட்டுப்பாட்டை விலைக்கு வாங்கும் வழியை ஊர் முதலில் பயன்படுத்தட்டும். ஏற்கெனவே நிற்கும் வீடுகளே போதும் என்பதால் அதற்குப் புது நிலமும் வேண்டாம், ஆகஸ்டுக்காகப் புதுக் குழாயும் வேண்டாம்.