வாசகர் கேள்விகள்: விமானத்தைக் கடத்திய கூப்பர் யார்?

கேள்வி: 1971-ல் அமெரிக்காவில் விமானத்தைக் கடத்தி, பணத்தோடு பாராசூட்டில் குதித்த டி.பி. கூப்பரின் உண்மையான பெயர் என்ன?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'டி.பி.' என்று கூட அவன் சொல்லவில்லை. 1971 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய நாள், போர்ட்லாந்து விமான நிலையத்தில் ரொக்கம் கொடுத்து சியாட்டிலுக்கு ஒருவழி டிக்கெட் வாங்கினான். பெயர் டேன் கூப்பர் என்றான், கவுன்டரில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடையாள அட்டை காட்டச் சொல்வதோ பையைத் திறந்து பார்ப்பதோ அப்போது வழக்கத்தில் இல்லை. கடத்தல் நடந்த பிறகு, கூப்பர் என்ற பெயரில் பழைய போலீஸ் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது அதே ஊரில் டி.பி. கூப்பர் என்று ஒருவர் அகப்பட்டார். விசாரித்தார்கள், சம்பந்தமில்லை என்று உடனே விட்டுவிட்டார்கள். ஆனால் செய்தி அனுப்பும் அவசரத்தில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பெயரையும் குழப்பிவிட, அதுவே நிலைத்துவிட்டது. வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் பெயரை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு குற்றவாளிக்குச் சூட்டி அழைக்கிறோம். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: விமானத்தில் அத்தனை பேர் பார்த்திருப்பார்களே, அப்புறம் ஏன் அடையாளம் காண முடியவில்லை?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பார்த்தவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். அவன் நீட்டிய சீட்டை, யாரோ தொலைபேசி எண் எழுதித் தருகிறார் என்று நினைத்துப் படிக்காமலே பையில் போட்டுக்கொண்டார் பணிப்பெண் ஃப்ளாரன்ஸ் ஷாஃப்னர். அவன் குனிந்து, அதைப் படியுங்கள், என்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான். கேட்டது இரண்டு லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும். சியாட்டிலில் அவை கைக்கு வந்ததும் 36 பயணிகளையும் இறக்கிவிட்டு, மெக்சிகோ சிட்டிக்குப் போ என்றான்.

இந்தக் கதையில் நான் மறக்க முடியாதவர் இன்னொரு பணிப்பெண், 22 வயது டினா மக்லோ. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, அவன் சொன்னதையெல்லாம் விமானிகளுக்குச் சொல்லி, பயணிகள் பயந்துபோகாமல் அத்தனை நேரம் சமாளித்தது அவர்தான். எல்லோரும் இறங்கிய பின்பும் விமானிகளோடு கூடவே போனார். கடைசியில் அவரை விமானி அறைக்குப் போகச் சொன்னான் அவன். திரைச்சீலையை இழுக்கும்போது அவர் திரும்பிப் பார்க்க, அவன் இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் ஏரியல் என்ற ஊரில் வருஷாவருஷம் விழா எடுத்தது டினாவுக்கு அல்ல, கடத்தல்காரனுக்குத்தான்.

பணிப்பெண்கள் சொன்ன அடையாளங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின: நாற்பதைத் தாண்டிய வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கறுப்பு சூட். படமும் வரைந்தார்கள். சரி, படத்தைப் போலவே இருப்பவர் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய தடயம் வேண்டுமே! எழுதிக் கொடுத்த சீட்டை அவன் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டதால் கையெழுத்து கிடைக்கவில்லை. எடுத்த கைரேகைகள் யாரோடும் பொருந்தவில்லை. இருக்கையில் விட்டுப்போனது ஒரு கறுப்பு டை, முடிச்சுப் போடத் தேவையில்லாமல் காலரில் மாட்டிக்கொள்ளும் ரகம், அதில் முத்துச்சிப்பி பதித்த ஒரு ஊசி. பல வருஷம் கழித்து அந்த டையில் டி.என்.ஏ. எடுத்தார்கள், ஆனால் அது முழுமையாக இல்லை, அவனுடையதுதானா என்பதும் நிச்சயமில்லை. எனக்கு ஆற்றாமை தருவது சிகரெட் துண்டுகள் விஷயம். அவன் குடித்துப் போட்ட எட்டு துண்டுகளைப் பொறுக்கி எடுத்தவர்கள், எச்சிலில் இருந்து ஆளைக் கண்டுபிடிக்கும் காலம் வருவதற்குள் அவற்றைத் தொலைத்துவிட்டார்கள்.

கேள்வி: ரிச்சர்ட் மெக்காய் என்பவர்தான் கூப்பர் என்று படித்தேன். உண்மையா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நான் நம்பவில்லை. ஆனால் அடையாளம் காண்பது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள மெக்காய் வழக்கைத்தான் படிக்க வேண்டும். 1972 ஏப்ரல் 7, அதாவது கூப்பருக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஒருவன் டென்வரில் வேறு பெயரில் ஏறி, அதே போயிங் 727 ரக விமானத்தைக் கடத்தி, ஐந்து லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு யூட்டா மாநிலத்தில் குதித்தான். தன் கைப்பட எழுதிய தாளை விமானத்திலேயே விட்டுவிட்டான், ஒரு பத்திரிகையில் கைரேகையும் பதிந்திருந்தது. விமானத்தைக் கடத்திக் குதிப்பது எவ்வளவு சுலபம் என்று மெக்காய் முன்பு பேசியதைப் பழக்கமானவர் ஒருவர் போலீசிடம் சொல்ல, பழைய ராணுவப் பதிவேட்டில் இருந்த எழுத்தை எடுத்து ஒப்பிட்டார்கள், பொருந்தியது. வீட்டைச் சோதித்தால் 4,99,970 டாலர் அப்படியே இருந்தது. இரண்டே நாள்! வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். 45 வருஷம் தண்டனை, 1974-ல் சிறையிலிருந்து தப்பினார், அதே ஆண்டு வர்ஜீனியாவில் எஃப்.பி.ஐ.யோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார்.

செய்முறை ஒன்றுதான், ஆனால் மெக்காய்க்கு அப்போது 29 வயது. கூப்பருக்கு நாற்பதுக்கு மேல் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெண்கள் சொன்னார்கள். அவர்கள் பேச்சைத் தள்ளிவிட்டு, நமக்குப் பிடித்த கதைக்கு ஏற்ப ஆளைப் பொருத்துவது நியாயமில்லை. 1995-ல் டுவேன் வெபர் என்பவர் சாகும் நேரத்தில் தன் மனைவியிடம், நான்தான் டேன் கூப்பர் என்றார், அவருடைய கைரேகையும் டி.என்.ஏ.யும்கூடப் பொருந்தவில்லை. இறந்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால்தான் புதுப் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

கேள்வி: கூப்பர் பிழைத்திருப்பானா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: எனக்கு நம்பிக்கை இல்லை. மழை, இருட்டு, குளிர், காலில் சாதாரண ஷூ. கொண்டுபோன பாராசூட்டுகளில் ஒன்று பயிற்சிக்காகத் தைத்து மூடி வைத்தது, திறக்கவே திறக்காது, அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. 1980-ல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு எட்டு வயதுப் பையன் கூப்பருக்குக் கொடுத்த பணத்தில் 5,800 டாலரைக் கண்டெடுத்தான், அரித்துப்போன 290 நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டபடி. 2016-ல் எஃப்.பி.ஐ. தேடுதலை நிறுத்திக்கொண்டது. கொடுத்த பத்தாயிரம் நோட்டுகளின் எண்களையும் முன்பே குறித்து வைத்திருந்தார்கள். மீதி 9,710-ல் ஒன்றுகூட எந்தக் கடையிலும் எந்த வங்கியிலும் இதுவரை தலைகாட்டவில்லை.