டோக்கியோ சமையலறையில் 14 மாதம்: பாண்டு பத்திரத்துக்குப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கம். 12 வருடம் ஹோட்டல் அனுபவம். 14 மாதம் முன்பு டோக்கியோவில் ஒரு இந்திய உணவகத்துக்குத் தோசை மாஸ்டராக வந்தேன். ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய் வாங்கினார். 3 வருட ஒப்பந்தம், சம்பளம் 1,80,000 யென். இடையில் நின்றால் 8 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று ஊரில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாத 2 செக்கும் கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட் ஓனரிடம் இருக்கிறது. காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 11 ஆகும். மதியம் 3 முதல் 5 வரை கடை மூடியிருக்கும், ஆனால் அப்போதும் வெங்காயம் உரிப்பது, மாவு அரைப்பது நடக்கும். வாரம் ஒரு நாள்தான் லீவு. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 50,000 யென் பிடித்துக்கொள்கிறார். இரவு கல்லா கணக்கு முடித்து, மெஷினில் வரும் சீட்டைப் போட்டோ எடுத்து ஓனருக்கு லைனில் (வாட்ஸ்அப் மாதிரி ஒரு ஆப்) அனுப்பிவிட்டுத்தான் ரூமுக்குப் போவேன். போன மாதம் எண்ணெய் கொட்டி மணிக்கட்டு வெந்துவிட்டது. ரூமில் நடந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார். வேறொரு இந்திய உணவகத்தில் கூப்பிடுகிறார்கள். போனால் விசாவை ரத்து செய்வேன், செக்கை பேங்கில் போடுவேன் என்கிறார் ஓனர். விசா முடிய 5 மாதம்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் கைக்கு மருந்து போடுவதை நிறுத்தாதீர்கள். அந்தக் காயத்துக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான் சென்னையில் தொழில் செய்பவன். ஜப்பான் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க அங்கே ஒரு 'பெங்கோஷி', அதாவது அந்த ஊர் வழக்கறிஞர் வேண்டும். ஆனால் அவரிடம் போவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதி உங்கள் பயத்தைப் போக்கும்.

பாண்டிலிருந்து ஆரம்பிப்போம். ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1947-ல் வந்தது. அதன் 16-வது பிரிவின்படி, தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம், இவ்வளவு நஷ்டஈடு என்று முன்கூட்டியே எழுதி வாங்கவே கூடாது. எழுதி வாங்குவதே குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது பற்றி அந்தப் பிரிவுக்குக் கவலையில்லை. குடியுரிமையைக் காரணம் காட்டி சம்பளத்திலோ வேலை நேரத்திலோ பாகுபாடு கூடாது என்று அதே சட்டத்தின் 3-வது பிரிவு தனியாகவே சொல்கிறது. பத்திரத்தை மன்னார்குடியில் எழுதினால் தப்பிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் வேலை செய்யும் இடம் டோக்கியோ என்பதால், தொழிலாளியைக் காக்கும் அந்த ஊர்க் கட்டாய விதிகளை நீங்கள் கேட்டுப் பெறலாம் என்று ஜப்பான் சட்டமே இடம் தருகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். விமான டிக்கெட்டுக்கோ வேறு செலவுக்கோ ஓனர் உண்மையிலேயே கடன் கொடுத்து, அதற்குக் கணக்கும் இருந்தால், அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கலாம். ஆனால் அந்தக் கடனை அவராகவே சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடியாது. 8 லட்சம் என்று மொத்தமாக ஒரு தொகையைப் போட்டிருப்பது கடன் இல்லை, மிரட்டல்.

அடுத்து, வேலையை விட முடியுமா? முடியும். 3 வருட ஒப்பந்தமாக இருந்தாலும், ஓராண்டு முடிந்துவிட்டால் தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிட்டு விலகலாம் என்று அதே சட்டத்தின் 137-வது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. 8 மாதத்தில் கேட்டிருந்தால், சம்பளம் சரியாகத் தராததைத் தக்க காரணமாகக் காட்டித்தான் விலக வேண்டியிருக்கும். அந்தச் சிக்கல் இப்போது இல்லை.

ஆனால் நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரவு கல்லாச் சீட்டை லைனில் அனுப்புவதாக, ஏதோ பழக்கத்தைச் சொல்வது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். மெஷின் அடித்த நேரம் சீட்டில் இருக்கும். நீங்கள் அனுப்பிய நேரம் லைனில் இருக்கும். அதற்குக் கீழே ஓனர் 'ஓகே' என்று போட்டது, ஒரு கட்டைவிரல் படம் போட்டது எல்லாம் இருக்கும். 14 மாதமாக இரவு 11 மணி வரை நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கும், அது ஓனருக்குத் தெரியும் என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இன்றிரவே அந்த உரையாடலை முழுவதும் சேமித்து, வெளியே நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனை மாற்றினால் லைன் பேச்சுகள் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. இப்படி ஆதாரத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் ஷிஃப்ட் அட்டவணை, சம்பளச் சீட்டுகள், ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைத்தீர்கள், மதியம் எவ்வளவு நேரம் வேலை பார்த்தீர்கள் என்று இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தமிழில் எழுதினால் போதும்.

உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும்? மதிய நேரத்துக்கு இப்போதைக்கு ஆதாரம் குறைவு என்பதால் அதை விட்டுவிட்டே மேலோட்டமாக ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 11 மணி நேரம், 6 நாள், வாரம் 66 மணி நேரம். சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரம்தான். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் உணவகத்துக்கு மட்டும் 44 வரை சலுகை உண்டு. ஓனருக்குச் சாதகமான அந்த 44-ஐயே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாரம் 22 மணி நேரம் கூடுதல் வேலை, மாதத்துக்கு 95 மணி நேரம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென், அதற்கு முந்தைய ஆண்டில் 1,163. கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும், மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம். இரவு 10 மணிக்கு மேல் தனியாக இன்னொரு 25 சதவீதம். 1,226 யென் கூலியில் கூட்டிப் பார்த்தால் மாதம் சுமார் 3,97,000 யென் வருகிறது. உங்களுக்குப் பேசியது 1,80,000.

அதாவது மாதம் ஏறக்குறைய 2 லட்சம் யென் குறைகிறது. 14 மாதத்துக்கு 28 லட்சம் யென்னுக்குக் குறையாது. உங்களிடம் 8 லட்சம் ரூபாய் கேட்கிறவர் உங்களுக்குத் தர வேண்டியது அதைவிட அதிகம். மாதச் சம்பளத்திலேயே ஓவர்டைமும் அடக்கம் என்று ஓனர் சொல்லக்கூடும். எவ்வளவு சம்பளம், எவ்வளவு ஓவர்டைம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டாமல் அப்படிச் சொன்னால் எடுபடாது. ரூம், சாப்பாட்டுக்கு 50,000 பிடிப்பதற்கும் தொழிலாளர் தரப்போடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டு வாடகையைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். சம்பள பாக்கியைக் கேட்க 3 வருடம் வரை அவகாசம் உண்டு, அதனால் உங்கள் முதல் மாதமும் கணக்கில் வரும்.

இதை எங்கே கொண்டுபோவது? உணவகம் இருக்கும் பகுதிக்கு உரிய தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்துக்கு. 'ரோடோ கிஜுன் கன்தோகுஷோ' என்று கேட்டால் காட்டுவார்கள். பைசா செலவில்லை. புகார் கொடுத்ததற்காக ஓனர் உங்களை வேலையிலிருந்து நீக்கினால் அதுவும் குற்றம். அயல்நாட்டுத் தொழிலாளருக்கென்று அரசு நடத்தும் தொலைபேசி ஆலோசனையில் 13 அயல்மொழிகளில் பேசலாம். தமிழ் இல்லை, ஆங்கிலமும் நேபாளியும் உண்டு. சமையலறையில் நேபாளி நண்பர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். டோக்கியோவின் யொத்சுயா பகுதியில் ஃப்ரெஸ்க் என்ற அயல்நாட்டவர் உதவி மையம் இருக்கிறது. குடிவரவு, தொழிலாளர், சட்ட உதவி மூன்றுக்கும் அங்கே ஒரே இடத்தில் ஆள் உண்டு. சட்ட உதவி தருவது 'ஹோடெராசு' என்ற அமைப்பு. வருமானம் குறைவாக இருந்தால் ஒரே பிரச்சினைக்கு 3 முறை வரை வழக்கறிஞரிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். வழக்குச் செலவையும் முன்பணமாகக் கொடுப்பார்கள். ஆய்வாளர் சொல்லியும் ஓனர் மசியவில்லை என்றால் தொழிலாளர் தீர்ப்பாய முறைக்குப் போகலாம். பெரும்பாலும் 3 அமர்வுக்குள் முடிந்துவிடும்.

இப்போது விசா. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் அது உங்கள் தவறாகத்தான் இருக்கும். விசாவை ஓனர் ரத்து செய்ய முடியாது. நீங்கள் விலகிவிட்டீர்கள் என்று குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வேலையை விட்ட 14 நாளுக்குள் நீங்களும் தகவல் கொடுக்க வேண்டும், புது வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் இன்னொரு முறை. தக்க காரணமில்லாமல் 3 மாதம் சமையல் வேலையில் இல்லாமல் இருந்தால் விசாவைப் பறிக்க இடமுண்டு. அதனால் புது உணவகத்தின் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விலகுங்கள். நீங்கள் வந்திருப்பது அயல்நாட்டுச் சமையல்காரருக்கான திறன் விசாவில். இன்னொரு இந்திய உணவகத்தில் சமையலுக்குப் போகலாம். இடையில் கைச்செலவுக்கு என்று கொன்பினி, அதாவது 24 மணி நேரக் கடையின் கல்லாவில் நின்றால் அது விசா மீறல். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். விசா நீட்டிப்புக்கு, முடிவதற்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், புது உணவகத்தின் தாள்களோடு. வார்டு அலுவலகத்தில் வரி பாக்கி, காப்பீட்டு பாக்கி இருக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துவிடுங்கள். நீட்டிப்பின்போது அதையும் பார்ப்பார்கள்.

ராஜினாமாவை வாயால் சொல்லாதீர்கள். ஜப்பானிய மொழியில் எழுதி, 'நாயோ ஷோமெய்' தபாலில் அனுப்புங்கள். என்ன எழுதியிருந்தது, எந்தத் தேதியில் அனுப்பியது என்பதற்குத் தபால் நிலையமே சாட்சி சொல்லும் முறை அது. வேலை செய்ததற்கான சான்றிதழை அதிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் ஓனர் தாமதிக்காமல் தர வேண்டும். பாக்கிச் சம்பளத்தை, கேட்ட 7 நாளுக்குள் தர வேண்டும். ரூம் ஓனருடையது என்பதால், தலைக்கு மேல் வேறு கூரை பார்த்துக்கொண்டு அந்தத் தபாலைப் போடுங்கள்.

பாஸ்போர்ட்டை அதே கடிதத்தில் திருப்பிக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று நம் 1967-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களிடமிருந்து அதை வாங்கி வைத்துக்கொள்ள ஓனருக்கு உரிமை இல்லை. அயல்நாட்டவரின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஜப்பான் அரசின் வழிகாட்டுதலும் இருக்கிறது. தரவில்லை என்றால் போலீஸ், இந்தியத் தூதரகம் இரண்டுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஸைரியூ கார்டு, அதாவது அயல்நாட்டவருக்கான வசிப்பு அட்டை, உங்கள் கையில் இருக்கிறது என்று நம்புகிறேன். அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பது சட்டப்படி உங்கள் கடமை, யார் கேட்டும் கொடுத்து வைக்காதீர்கள்.

கைக் காயம் வேலையில் ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் அதை மாற்றிச் சொல்லியிருந்தால், போய் உண்மையைச் சொல்லுங்கள். வேலையில் அடிபட்டால் 'ரோசாய்' காப்பீடு முழு மருத்துவச் செலவையும் ஏற்கும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, 4-வது நாளிலிருந்து சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். பிரீமியம் முழுவதும் ஓனர் கட்ட வேண்டியது. அவர் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. படிவத்தில் அவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று சொல்லி நீங்களே ஆய்வு அலுவலகத்தில் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக அப்பா. இது என் ஊர்ச் சட்டம், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இந்தியாவில் பாண்டு என்றாலே செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, முறையான தேர்வு, எதிர்த்தரப்பு ஓர் அதிகாரி. குறைந்தபட்சக் கூலியே தராத முதலாளிக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது என்பது என் கருத்து. உங்கள் மேல் கடனே இல்லாதபோது ஜாமீன் போட்டவர் மேலும் கடன் இல்லை. ஆனாலும் செக் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தொகை எழுதாத செக்காக இருந்தாலும், கையெழுத்து உண்மையானது என்றால் கடனுக்காகக் கொடுத்ததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அப்பாவின் பொறுப்பு ஆகிவிடும்.

அதனால் உங்கள் ராஜினாமா அங்கே போகும் முன், அப்பா ஏஜென்டுக்கு ஒரு கடிதம் அனுப்பட்டும். செக் எண்களைக் குறிப்பிட்டு, வேலைக்கு உத்தரவாதமாக மட்டுமே கொடுத்தது, எந்தக் கடனும் இல்லை, திருப்பித் தரவும் என்று எழுதினால் போதும். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை வங்கியிலும் கொடுத்து, பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு செய்தவர்கூட 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. பதிவே இல்லாதவர் என்றால் குடியேற்றச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். அப்படி ஒரு புகார் பதிவானால் செக் வழக்கிலும் அப்பாவுக்குப் பலம்.

செக் பணமாகாமல் திரும்பினால் 30 நாளுக்குள் அப்பாவுக்கு நோட்டீஸ் வரும். வந்த 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போக வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், அது அப்பாவுக்கே பாதகமாக முடியும். கையெழுத்துப் போட்டு வாங்கி, வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.