அப்பா சிம் திடீர்னு செத்துப்போச்சுன்னு கேட்ட மன்னார்குடி தம்பிக்கு

'சிம் மாற்றக் கோரிக்கை'ன்னு மெசேஜ், நேத்து ராத்திரியிலேர்ந்து டவர் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பக்கத்து வீட்டுல அதே கம்பெனி சிம்முக்கு டவர் இருந்தா, இது மழைக்குப் போன டவர் இல்ல; யாரோ அப்பா நம்பருக்கு வேற சிம் வாங்கி, அவர் சிம்மைச் செத்துப்போக வச்சிருக்கலாம். வேற போன்லேர்ந்து முதல்ல பேங்குக்கு அடிச்சு யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் புது சிம்முக்கு எஸ்எம்எஸ் வராதுங்கிறது விதி; திருடன் கைக்கு ஓடிபி போகாத அந்த அவகாசம் ஓடிக்கிட்டிருக்கு. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க.

பிறகு ஆதாரோட அப்பாவையே கம்பெனி ஷோரூமுக்கு அழைச்சிட்டுப் போங்க. தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி இணையதளத்துல அவர் பேர்ல வேற நம்பர் ஓடுதான்னும் பாருங்க.

ஈபி பில் மெசேஜ் ரெண்டு நாள் நின்னா குடி முழுகாது. ஆனா சிலிண்டர் டெலிவரி கோடு அந்த நம்பருக்குத்தான் போகும், கேஸ் ஏஜென்சில சொல்லி வைங்க.